டைனமோ சொல்லும் வயசு

அந்தியூர் குருநாதசாமி கோயில் ஆடிச் சந்தையில் மாட்டுக்கும் குதிரைக்கும் பல்லைப் பார்த்து வயசு சொல்லிடுவாங்க. பழைய டிராக்டருக்கு என்ன வழி? டைனமோவைப் பாருங்க. 6 வோல்ட் என்று தகடு இருந்தால் அநேகமாக அது பெட்ரோல் காலத்து வண்டி.

1939ல் வந்த ஃபோர்டு 9என், 1947 முதல் 1952 வரை வந்த 8என் எல்லாமே 6 வோல்ட்தான். அது குறை இல்லைங்க. பெட்ரோல் எஞ்சினில் காற்றை 6, 7 மடங்கு அழுத்தினால் போதும். டீசலில் 16 மடங்கு வரைக்கும், அதுக்கு மேலயும் அழுத்தணும். ஸ்டார்ட்டருக்கு நல்ல வலு வேணும். இந்தியாவில் 1959ல் ஐஷர் டிராக்டர் தயாராகும்வரை இறக்குமதிதான். 1960ல் சென்னையில் டாஃபே தொடங்கியது. 1961ல் பாடியில் லூகாஸ் டிவிஎஸ் வந்தது. டீசலோடு 12 வோல்ட்டும் வழக்கமாச்சு. அப்புறம் பெரிய 6 வோல்ட் பேட்டரிக்கு அலைய வேண்டிய நிலை. வோல்ட்டை மாத்தினாத்தான் பழைய வண்டி உழவுக்கு ஆகும்.

கணக்கு எளிது. 30 வாட் பல்பு 6 வோல்ட்டில் 5 ஆம்பியர் இழுக்கும், 12ல் 2.5 தான். அதே ஒயரில் வீணாகிற சக்தி கால் பங்காகக் குறையும்.

ஆனால் 6 வோல்ட் டைனமோவில் 12 வோல்ட் கட்-அவுட்டை மட்டும் மாட்டினால் பீல்டு காயில் சூடேறிக் கருகும். முறையான வழி, காயிலைத் திரும்பக் கட்டுறது. கம்பியின் குறுக்குப் பரப்பு பாதி, சுற்று ரெண்டு மடங்கு. அப்போ மின்தடை 4 மடங்காகும். 12 வோல்ட் கொடுத்தாலும் கரண்ட் பாதிதான் ஓடும். காந்த வலு மாறாது, சூடும் மாறாது. ஆர்மேச்சருக்கும் இதே கணக்கு.

இந்தக் கைவேலை கோவைப் பக்கத்துக்குப் புதுசு இல்லை. பைக்காரா மின்சாரம் வந்த 1930களிலேயே கிணத்து மோட்டார் இங்கே பழகிடுச்சு. 1937ல் ஜி.டி. நாயுடுவும் பாலசுந்தரம் நாயுடுவும் இந்தியாவில் தயாரான மின்மோட்டாரைக் கொண்டு வந்தாங்க. மோட்டார் ஓடுற ஊரில் வைண்டிங் கடை இல்லாமலா இருக்கும்? டைனமோவும் தலைகீழா வேலை செய்யற மோட்டார்தானே.

வோல்ட் மாறினால் பல்பு, இக்னிஷன் காயில், கட்-அவுட், பேட்டரி எல்லாம் மாறணும். ஆம்பியர் மீட்டர் அப்படியே இருக்கலாம். ஸ்டார்ட்டரும் தாங்கும், ஆனால் நீளமா அழுத்திப் பிடிக்கக் கூடாது.

கை வைக்கும் முன்னே ஒண்ணு பார்த்துக்குங்க. பல வண்டிகள் காலையில் எடுக்காததுக்குக் காரணம் வோல்ட் இல்லை. மெலிசான கேபிளும் துருப்பிடிச்ச எர்த்தும்தான். அதைச் சரி பண்ணினாலே 6 வோல்ட் இன்னும் ஓடும். அப்படியும் மாத்தித்தான் ஆகணும் என்றால் பழைய தகட்டைக் காயலாங்கடைக்குப் போடாதீங்க. வண்டி எந்தக் காலத்துது என்பதற்கு எழுத்தில் இருக்கிற சாட்சி பல நேரம் அது ஒண்ணுதான்.