லேத்தை ஓட்டத் தெரிஞ்சவர் யார்?

நான் இஞ்சினியரிங் முதல் வருஷம் படிச்சப்போ ஒர்க்‌ஷாப் எடுத்த சார், அதே காலேஜில் அப்பதான் டிகிரி முடிச்சவர். லேத்தை ஆன் பண்ணவே லேப் அசிஸ்டன்ட் அண்ணனைக் கூப்பிடுவார். வேலை தெரிஞ்சவர் அண்ணன், மார்க் போடுறவர் சார். சாரைக் குறை சொல்லல. அவருக்கும் யாரும் சொல்லித்தரலையே!

தொழில் சொல்லித்தர யாருக்குத் தகுதி? அமெரிக்காவில் ஒரு சங்கம் இந்தக் கேள்வியைச் சட்டம் வரைக்கும் கொண்டுபோச்சு. தொழிற்கல்வி மேம்பாட்டுக்கான தேசியச் சங்கம், 1906-ல் நியூயார்க்கில் தொடங்கினது. கல்வியாளர்களும் தொழிலதிபர்களும் ஒண்ணா உட்கார்ந்த இடம். தொழிற்சங்கங்களுக்கு முதல்ல ஒரே சந்தேகம்: ஸ்ட்ரைக் நடக்கும்போது உள்ளே அனுப்ப ஆள் தயார் பண்றாங்களோன்னு. நியாயமான பயம்தான்.

1912-ல் சார்லஸ் பிராசர் சங்கத்தின் செயலாளர் ஆனார். 1914-ல் காங்கிரஸ் அமைத்த ஆணையத்திலும் அவர் இருந்தார். 1917 பிப்ரவரி 23 அன்று அதிபர் வில்சன் கையெழுத்திட்ட ஸ்மித்-ஹியூஸ் சட்டத்தில் பிராசரின் கை அதிகம்.

அந்தச் சட்டப்படி, மாகாணம் ஒரு டாலர் போட்டால் மத்திய அரசும் ஒரு டாலர் போட்டது. ஆசிரியர் சம்பளத்துக்குத் தனி நிதி, ஆசிரியர் பயிற்சிக்குத் தனி நிதி. எனக்குப் பிடிச்சது இதுக்குள்ள இருக்கிற கொக்கி. பயிற்சி நிதியில் குறைந்தபட்சத் தொகையையாவது பயன்படுத்தாத மாகாணத்துக்கு, 1920 ஜூன் 30-க்கு அப்புறம் சம்பள நிதியும் கிடையாது. டெஸ்ட் எழுதாம மெர்ஜ் பண்ண விடாத டீம் லீட் மாதிரி!

இன்னொரு நிபந்தனையும் இருந்தது. அந்தத் தொழிலில் போதிய அனுபவமோ நேரடிப் பழக்கமோ இருக்கிறவருக்கு, இல்லைன்னா அதை இப்போ பெற்றுவருகிறவருக்கு மட்டுமே ஆசிரியர் பயிற்சி. அதாவது முதல்ல வேலை தெரியணும், அப்புறம்தான் சொல்லித்தரக் கத்துக்கணும். பகலில் வேலைக்குப் போறவங்களுக்காக மாலை வகுப்புகள் நடந்தது இப்படித்தான்.

இந்த இயக்கத்தை ஜான் டூயி கடுமையா எதிர்த்தார். தொழிலாளி வீட்டுப் பிள்ளைகளை இருக்கிற வேலைக்கு மட்டும் பழக்கிவிட்டா, அவங்க அங்கேயே நின்னுடுவாங்கன்னு அவருக்குக் கவலை. அந்த விஷயத்தில் நான் டூயி கட்சி. ஆனா லேத் முன்னாடி நிக்கும்போது பிராசர் கட்சி.

அந்தச் சட்டத்தை எங்க ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுவந்தா, ஆசிரியர் பயிற்சிக்கு முதல் ஆளா அண்ணனைக் கூப்பிட்டிருப்பாங்க. டிகிரி இல்லாததால எங்க காலேஜில் அவர் கடைசிவரை அசிஸ்டன்ட்தான்.