வாசலில் வைத்த காலணி

ஆக்ஸ்போர்டில் பெம்புரோக் என்றொரு கல்லூரி உண்டு. 1624இல் மன்னர் முதலாம் ஜேம்ஸ் காலத்தில் தொடங்கியது. பணம் கொடுத்தவர்கள் டெஸ்டேல், வைட்விக் என்ற இருவர். பெயரோ, அப்போது பல்கலைக்கழக வேந்தராக இருந்த பெம்புரோக் பிரபுவுக்குப் போனது.

பதினெட்டாம் நூற்றாண்டில் அங்கே எல்லா மாணவரும் ஒன்றல்ல. மேல்தட்டில் செல்வந்தர் வீட்டுப் பிள்ளைகள். நடுவில் தன் செலவைத் தானே கட்டிப் படிக்கும் 'காமனர்'. அடியில் 'சர்விட்டர்', அதாவது பணக்கார மாணவருக்கு எடுபிடி வேலை செய்து படிக்கும் ஏழை மாணவர். யார் எந்தத் தட்டு என்பதை அவரவர் அங்கியே காட்டிக்கொடுத்துவிடும். இதைச் சாதி என்று சொல்லிவிட முடியாது. யாரும் சர்விட்டராகப் பிறப்பதில்லை. படித்து முடித்தால் பாதிரியாராகிவிடலாம். ஆனால், அண்ணல் அம்பேத்கர் படிநிலைச் சமத்துவமின்மை என்று சுட்டிய ஒன்று இங்கேயும் வேலை செய்தது: மிதிபடுகிறவருக்கும் மிதிக்கக் கீழே ஒருவர் இருந்தார்.

1728இல் புத்தக வியாபாரி ஒருவரின் மகன் சாமுவேல் ஜான்சன் காமனராகச் சேர்ந்தார். கையில் காசில்லை. பாடக் குறிப்புகளுக்காகப் பக்கத்துக் கிறைஸ்ட் சர்ச் கல்லூரியில் படித்த நண்பரிடம் போவார். கிழிந்த காலணியில் விரல்கள் எட்டிப் பார்ப்பதை அங்குள்ளோர் கவனிக்கிறார்கள் என்று தெரிந்ததும் போவதை நிறுத்திவிட்டார். யாரோ இரக்கப்பட்டு அவர் அறை வாசலில் புதுக் காலணி வைத்தார்கள். ஜான்சன் அதைத் தூக்கி எறிந்தார். பதின்மூன்று மாதத்தில், பட்டம் பெறாமலே வெளியேறினார்.

இந்தக் காலணிக் கதையைச் சுயமரியாதைக்குச் சான்றாக எல்லோரும் சொல்வார்கள். அதிகம் சொல்லப்படாத இன்னொன்றும் உண்டு. மாணவர்கள் அறையில் இருக்கிறார்களா என்று கதவைத் தட்டிப் பார்ப்பது சர்விட்டரின் வேலை. கல்லூரித் தலைவர் ஏவிய வேலை. ஏவியவரை விட்டுவிட்டு, சட்டிகளையும் மெழுகுவர்த்தித் தண்டுகளையும் தட்டிக்கொண்டு அந்த ஏழை மாணவரை விரட்டிய கும்பலில் ஜான்சனும் இருந்தார்.

1732இல் அதே கல்லூரிக்குச் சர்விட்டராகவே வந்தவர் ஜார்ஜ் வைட்ஃபீல்டு. தாய் குளோஸ்டரில் விடுதி நடத்தியவர். அங்கே பரிமாறிப் பழகிய கை இங்கே உதவியது. ஏறத்தாழ மூன்றாண்டுப் படிப்புக்கு உறவினர்களுக்கு மொத்தம் 24 பவுண்டுக்கு மேல் செலவு வைக்கவில்லை என்று அவரே எழுதினார். பிறகு அட்லாண்டிக்கின் இரு கரையிலும் புகழ்பெற்ற போதகரானார். 1740இல் அடிமைகளைக் கொடுமைப்படுத்தும் முதலாளிகளைக் கண்டித்து எழுதினார். அதே வைட்ஃபீல்டு 1747இல் தென் கரோலினாவில் அடிமைகளோடு ஒரு தோட்டத்துக்கு உரிமையாளரானார். ஜார்ஜியாவில் அடிமைமுறைக்கு இருந்த தடையை நீக்கச் சொல்லி வாதாடினார். 1751இல் தடை நீங்கியது. பணிவிடை செய்து படித்த அனுபவம் ஒருவரை விடுதலையின் பக்கம் தானாகக் கொண்டுவந்து நிறுத்துவதில்லை, தோழர்களே. அடிபட்டவர் எல்லோரும் நம்மவர் என்று நாமும் எளிதாக நம்பிவிடுகிறோம்.

ஜான்சன் வேறு திசையில் நடந்தார். அடிமைமுறையைக் கடைசிவரை எதிர்த்தார். ஜமைக்காவில் அடிமையாகப் பிறந்த பிரான்சிஸ் பார்பர் 1752இல் அவர் வீட்டுக்கு வேலையாளாக வந்தார். ஜான்சன் அவரைப் பள்ளிக்கு அனுப்பிப் படிக்கவைத்தார். 1784இல் ஜான்சன் இறந்தபோது அவர் உயில்படி சொத்தின் பெரும்பகுதி பார்பருக்குச் சேர்ந்தது.

1770இல் இறந்த வைட்ஃபீல்டும் ஒரு உயில் எழுதியிருந்தார். ஜார்ஜியாவில் தனக்குரியவற்றை ஒரு சீமாட்டிக்கு விட்டுச்சென்றார். கட்டடங்கள், நிலங்கள், நீக்ரோக்கள், புத்தகங்கள், மேசை நாற்காலிகள் எல்லாம் அதில் ஒரே வரிசையில் வருகின்றன.