இரைப்பைப் புற்றுநோய்: நிணநீர்க்கணுப் பரவலை முன்கணித்த வரலாறு

இரைப்பைச் சுவரின் உட்புற அடுக்கு சளிச்சவ்வு. அதற்கு அடுத்தது கீழ்ச்சளிப்படலம், அதன்பின் தசை. புற்று முதல் இரண்டைத் தாண்டாதிருந்தால் அது தொடக்கநிலை இரைப்பைப் புற்றுநோய் எனப்படும். 1962இல் ஜப்பானிய மருத்துவர்கள் வகுத்த இவ்வரையறையில் வியப்பான ஒன்று உண்டு: அருகிலுள்ள நிணநீர்க்கணுக்களுக்குப் பரவியிருந்தாலும் பெயர் மாறாது. ஆழம் மட்டுமே கணக்கு.

கணுக்களின் பங்கு அதற்கு முன்பே தெரிந்ததுதான். 1848இல் ஜெர்மானிய மருத்துவர் விர்ச்சோ, இடது காறை எலும்புக்கு மேலே வீங்கும் கணுவை வயிற்றுப் புற்றோடு தொடர்புபடுத்தினார். 1881 ஜனவரி 29 அன்று வியன்னாவில் பில்ரோத் இரைப்பையின் ஒரு பகுதியை வெற்றிகரமாக அகற்றினார். ஆனால் அந்தப் பெண் சில மாதங்களிலேயே நோய் பரவி இறந்தார். பிற்காலத்தில் இரைப்பையோடு சுற்றியுள்ள கணுக்களையும் அகற்றுவது வழக்கமாயிற்று. தொடக்கநிலை நோயாளிகளுக்கும் அதே அறுவைதான்.

அகற்றிய கணுக்களை நுண்ணோக்கியில் பார்த்தபோது, பெரும்பாலானோரிடம் அவற்றில் புற்றே இல்லை. சளிச்சவ்வோடு நின்ற நோயில் நூற்றுக்கு ஏறத்தாழ 3 பேருக்கும், கீழ்ச்சளிப்படலத்தை எட்டிய நோயில் ஏறத்தாழ 20 பேருக்கும்தான் பரவியிருந்தது. அந்த மூவர் யார் என்று முன்கூட்டியே சொல்ல முடிந்தால், மற்ற 97 பேரின் இரைப்பையைக் காப்பாற்றலாமே!

இதற்கு விடை தந்தது கோட்டோடா குழு 2000இல் வெளியிட்ட ஆய்வு. டோக்கியோவின் இரு மருத்துவமனைகளில் அறுவை செய்துகொண்ட 5,265 பேரின் பதிவுகளை அவர்கள் அலசினர். புற்று சளிச்சவ்வுக்குள் நின்று, 3 செ.மீ.க்கு மிகாமல், இயல்பான திசுவை ஒத்த செல்களைக் கொண்டு, நாளங்களுக்குள் நுழையாதிருந்தவர்கள் 1,230 பேர். அவர்களில் ஒருவருக்கும் கணுப் பரவல் இல்லை. (பூச்சியம் என்றாலும், புள்ளியியல்படி ஆயிரத்துக்கு 3 வரை வாய்ப்பை மறுக்க இயலாது.) இத்தகைய புற்றை வயிற்றைத் திறக்காமல் எண்டோஸ்கோப் வழியே அறுத்தெடுக்கும் முறைக்கு இந்த எண்கள் வலுவான அடிப்படையாயின. எடுத்த திசுவில் ஆழமான ஊடுருவலோ நாள நுழைவோ தெரிந்தால் அறுவை தேவைப்படும். ஆகவே இறுதித் தீர்ப்பு நுண்ணோக்கியினுடையதே.

தமிழ்நாட்டில் சிக்கல் வேறு. அடையாறு புற்றுநோய் நிலையம் 1982 முதல் பராமரிக்கும் சென்னைப் பதிவேட்டில், ஆண்களிடையே இரைப்பைப் புற்று நெடுங்காலம் முன்னணியில் இருந்தது. ஆனால் நம் நோயாளிகளில் பலர் நோய் முற்றிய பிறகே வருகிறார்கள். தொடக்கநிலையில் பிடித்தால்தானே மேற்கண்ட கணக்குக்கே வேலை!

ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் தொழில்தடத்தில் இந்த வேறுபாடு கண்கூடு. இருங்காட்டுக்கோட்டையில் 1998 முதல் கார் தயாரிக்கும் ஹூண்டாய் கொரிய நிறுவனம். கொரியாவில் 40 வயதானவர்களுக்கு இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை இரைப்பைப் பரிசோதனை தேசியத் திட்டத்திலேயே உண்டு. இந்தியாவின் தேசியத் திட்டம் பரிசோதிக்கச் சொல்வது வாய், மார்பகம், கருப்பை வாய் ஆகிய மூன்று இடங்களை மட்டுமே.