ஃபிலிமா, டிஜிட்டலா: பெரியப்பா ஸ்டூடியோவில் ஒரு முடிவு

இந்த வார எபிசோடுக்கு நான் ரிசர்ச் ஆரம்பிச்ச இடம் லைப்ரரி இல்ல, எங்க பெரியப்பாவோட இரும்பு பீரோ. புவனகிரி கடைத்தெருவுல அவர் ஒரு ஸ்டூடியோ வெச்சிருந்தார். ராகவேந்திரர் பிறந்த ஊர்னு சொன்னா வெளியூர்க்காரங்களுக்குத் தெரியும். சிதம்பரத்துல இருந்து வர்றப்போ வெள்ளாத்துப் பாலம் தாண்டினா எங்க ஊர்.

2004ல எனக்கு ஏழு வயசு. வீட்டுல அப்போ ஒரே பேச்சுதான்: ஃபிலிமை விட்டுட்டு டிஜிட்டலுக்குப் போறதா, வேண்டாமா? முந்தின வருஷம்தான் கேனான் 300டி வந்திருந்தது. 6 மெகாபிக்ஸல், அமெரிக்காவுல ஆயிரம் டாலருக்குக் கீழ. அங்க அது மலிவு. புவனகிரியில அது கடன் வாங்கி வாங்குற பொருள்.

ஃபிலிம்ல இருந்த டென்ஷன் நம்ம தலைமுறைக்குச் சொன்னாத்தான் புரியும். ஒரு ரோல்ல 36 படம். தாலி கட்டுற நேரத்துல ஃபிளாஷ் சார்ஜ் ஆகலைன்னா கதை முடிஞ்சது. ரோலைக் கழுவுற வரைக்கும் என்ன விழுந்திருக்குன்னு யாருக்கும் தெரியாது. அப்படியும் பெரியப்பா தயங்கினார். ஏன்னு அப்போ புரியல, பின்னாடி வர்றேன்.

முதல்ல ஒரு பொதுவான கதையை டீபக் பண்ணலாம். "டிஜிட்டல் வந்தது, ஃபிலிம் செத்தது"ன்னு ஒரே வரியில சொல்லிடறோம். உலக அளவுல இதுக்கு எல்லாரும் காட்டுற உதாரணம் கோடாக். 1975ல அந்தக் கம்பெனி இன்ஜினியர் ஸ்டீவ் சாஸன்தான் முதல் டிஜிட்டல் கேமராவைச் செஞ்சார். 0.01 மெகாபிக்ஸல், ஒரு படம் கேசட்டுல பதிவாக 23 வினாடி. அதே கோடாக் 2012 ஜனவரியில திவால் மனு போட்டது.

நம்ம ஊர் உதாரணம் ஊட்டியில இருக்கு. ஹிந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸ். 1960ல தொடங்கின மத்திய அரசு நிறுவனம், பிரான்ஸோட பௌஷே கம்பெனி தொழில்நுட்பம், 1967ல உற்பத்தி. அந்நியச் செலாவணிக்குத் திண்டாடின காலத்துல, ஃபிலிமை நாமே செய்யணும்ங்கிற முடிவு அது. 'இந்து'ங்கிற பேர்ல கறுப்பு வெள்ளை ரோல், பேப்பர், எக்ஸ்ரே ஃபிலிம் எல்லாம் அங்கிருந்து வந்தது. ஊட்டியில இன்னிக்கும் இந்து நகர்னு ஓர் இடம் இருக்கு. பெரியப்பா தொழில் பழகினது இந்து ரோல்லதான்.

இப்போ தேதிகளைப் பாருங்க. இந்த நிறுவனம் நலிவடைஞ்சதுன்னு அறிவிக்கப்பட்டது 1990களோட நடுவுல. அப்போ தமிழ்நாட்டுல எந்தக் கல்யாண ஃபோட்டோகிராஃபர் கையில டிஜிட்டல் கேமரா இருந்தது? சந்தை கலருக்கு மாறியிருந்தது, தாராளமயத்துக்கு அப்புறம் வெளிநாட்டு ஃபிலிம் சுலபமா உள்ள வந்தது, கடன் கழுத்தை நெரிச்சது. டிஜிட்டல் வந்தப்போ நோயாளி ஏற்கெனவே படுக்கையில. 2014ல ஊழியர்களுக்கு விருப்ப ஓய்வுத் திட்டத்துக்கு ஒப்புதல் கிடைச்சது, கடையைச் சாத்தினாங்க. லாக்ல கடைசியா இருக்கிற எர்ரர்தான் காரணம்னு நினைக்கிறது எங்க ஆபீஸ்லயும் நடக்குற தப்பு.

சரி, புவனகிரிக்கு வருவோம். 2004 டிசம்பர் 26, சுனாமி. எங்க ஊர்ல வெள்ளாறு ஓடுதுன்னேன் இல்லையா, அது கடல்ல கலக்கிறது பரங்கிப்பேட்டையில. அந்தக் கரையில இருந்து ஜனவரி முழுக்க ஸ்டூடியோவுக்கு ஆள் வந்துக்கிட்டே இருந்தாங்க. படம் எடுக்க இல்ல. செத்துப்போனவங்க படம் வேணும்னு. வீட்டுல இருந்த ஆல்பத்தைக் கடல் கொண்டு போயிடுச்சு. பள்ளிக்கூடத்துக்கு எடுத்த பாஸ்போர்ட் சைஸ் ஃபோட்டோ ஒண்ணு உங்ககிட்ட இருக்குமா அண்ணேன்னு ஓர் அம்மா கேட்டது எனக்கே நினைவு இருக்கு. பெரியப்பா நோட்டைப் புரட்டி, நம்பர் பார்த்து, கவரைத் தேடி எடுத்துக் கொடுத்தார். யார்கிட்டயும் காசு வாங்கல.

அவர் தயங்கினது இதுக்குத்தான். ஃபிலிம்ல பிரிண்ட் உங்களுக்கு, நெகடிவ் ஸ்டூடியோவுக்கு. யாரும் திட்டம் போடாமலே ஊரோட ஆவணக் காப்பகம் ஒரு பீரோவுக்குள்ள சேர்ந்துடுச்சு. டிஜிட்டல்ல சிடியைக் கொடுத்துட்டு கார்டை ஃபார்மேட் பண்ணிடுவாங்க.

ஆனாலும் அடுத்த சித்திரையில கேமரா வாங்கிட்டார். "டேய் தம்பி, பார்ட்டிங்க சிடி கேக்கறாங்க, நான் என்ன பண்ண?" அதுவும் சரிதான். லேப்லயே அப்போ நெகடிவை ஸ்கேன் பண்ணி டிஜிட்டலா பிரிண்ட் போட ஆரம்பிச்சுட்டாங்க. அவர் முடிவு எடுக்குறதுக்கு முன்னாடியே பாதி வழி மாறியாச்சு. 2005ல இருந்து 2010 வரைக்கும் எடுத்ததுல அவர் சேர்த்து வெச்சது ஒரே ஹார்ட் டிஸ்க்ல இருந்தது. அது இப்போ சுத்த மாட்டேங்குது. என்னோட ஆண்டு விழா, காதுகுத்து எல்லாம் அதுக்குள்ளதான். பேக்கப் எங்கன்னு கேட்டா சிரிக்கிறார். ஃபிலிம் மட்டும் என்ன, 2015 வெள்ளத்துல பீரோவோட கீழ்த்தட்டு நனைஞ்சு, நெகடிவெல்லாம் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிப்போச்சு.

இன்னொரு ஆபத்தும் உண்டு. கறுப்பு வெள்ளை நெகடிவ்ல படமா நிக்கிறதே வெள்ளிதான். கலர்ல கழுவும்போதே வெள்ளி முழுக்க வெளிய போயிடும், சாயம் மட்டும் மிஞ்சும். அதனால பழைய ஃபிலிமை எடைக்கு வாங்கி வெள்ளி எடுக்குறவங்களுக்கு கலர் வேண்டாம், கறுப்பு வெள்ளைதான் வேணும். அதாவது, ரொம்பப் பழைய, மங்காம நீண்ட நாள் நிக்கக்கூடிய படங்கள்தான் முதல்ல உருக்கப்படும். பெரியப்பா கடைக்கும் ரெண்டு தடவை ஆள் வந்திருக்காங்க.

நம்ம பக்கத்துலயே இதைக் கவனிச்சவங்க இருக்காங்க. பாண்டிச்சேரி பிரெஞ்சு நிறுவனத்துல மானுடவியலாளர் ஸோயி ஹெட்லியோட குழு, பிரிட்டிஷ் நூலகத்தோட அழியும் நிலை ஆவணங்கள் திட்டத்துல, தமிழ்நாட்டுப் பழைய ஸ்டூடியோ படங்களைத் தேடித் தேடி ஸ்கேன் பண்ணினாங்க. அதைப் படிச்சப்புறம்தான் நான் ஒரு ஸ்கேனர் வாங்கினேன். ஃபிலிமைக் காப்பாத்த டிஜிட்டல். பெரியப்பாவுக்கு இதுல ஒரு சின்னச் சந்தோஷம், ஜெயிச்சுட்ட மாதிரி.

பொங்கல் லீவுல ஆரம்பிச்சோம். அவர் நோட்டைப் படிப்பார், நான் ஃபைலுக்குப் பேர் வைப்பேன், காப்பி மூணு இடத்துல. முதல் நாள் நாப்பது நெகடிவ்தான் முடிஞ்சது. ஒரு கவர்ல அவர் கையெழுத்து: பரங்கிப்பேட்டை, பொண்ணு, பாஸ்போர்ட், 3 காப்பி. மூணை அடிச்சு, பக்கத்துல 4ன்னு எழுதியிருந்தார். நான் கேட்கல, அவரும் சொல்லல. அடுத்த கவரை நீட்டினார்.