ஏடும் பொறியும்: காப்புப்பிரதியின் கணக்கு

அறிவைத் தேடுதல் எத்துணை அருமையுடையதோ, தேடிய அறிவை அழியாது காத்தலும் அத்துணை அருமையுடையது. ஒரு நூலை எத்தனை படிகளாக, எத்தனை இடங்களில் வைத்தல் வேண்டும், அதற்காகும் செலவை யார் ஏற்பது என்னும் வினாக்கள் கணினியுகத்துக்கே உரியனவல்ல. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே இலங்கையில் அவை எழுந்தன. அவற்றுக்கு விடை கண்ட இடமாக மாத்தளை மாவட்டத்தின் அளுவிகாரை மரபுவழிப் போற்றப்படுகின்றது.

மாத்தளை நகருக்கு வடக்கே ஏறத்தாழ மூன்று கிலோமீற்றர் தொலைவில், தம்புள்ளை செல்லும் வீதியோரத்தில், பாறைகளுக்கிடையே அமைந்த குகைக் கோயில் அளுவிகாரை. கி.மு. முதலாம் நூற்றாண்டில், வட்டகாமணி அபயன் எனப்படும் வலகம்பா மன்னனின் ஆட்சிக் காலத்தில், அதுவரை வாய்மொழியாக வழங்கிய பாளித் திரிபிடகம் ஏட்டில் எழுதப்பட்டது. தீபவம்சமும் மகாவம்சமும் இந்நிகழ்ச்சியைக் குறிப்பிடுகின்றனவேயன்றி இடத்தின் பெயரைக் கூறவில்லை. அளுவிகாரையே அவ்விடம் என்பது பிற்காலத்து நிகாய சங்கிரகம் முதலியவற்றால் நிலைபெற்ற மரபாகும்.

எழுத வேண்டிய தேவை ஏன் எழுந்தது? அக்காலத்தில் போரும் நெடும்பஞ்சமும் நாட்டை வருத்தின. புலகத்தன் முதலாகத் தாதிகன் ஈறாகத் தமிழ்த் தலைவர் ஐவர் அடுத்தடுத்து அநுராதபுரத்தை ஆண்டதும் இக்காலத்திலேயே. திரிபிடகமோ துறவியரின் நினைவில் மட்டுமே வாழ்ந்தது. தீக நிகாயத்தை ஓதுவோர் ஒரு குழுவினர், மச்சிம நிகாயத்தை ஓதுவோர் மற்றொரு குழுவினர் என அப்பணி பகுக்கப்பட்டிருந்தது. பஞ்சத்தால் ஓதுவோர் தொகை அருகவே நூல்களும் அருகின. மகாநித்தேசம் என்னும் நூல் ஒரேயொரு துறவியின் நினைவில் மட்டும் எஞ்சிய நிலை ஏற்பட்டதெனச் சமந்தபாசாதிகை என்னும் உரைநூல் கூறும். அவரோ நல்லொழுக்கம் உடையவரல்லர். எனினும் அவர் மறைந்தால் நூலும் மறையும் என்பதனால், ஏனையோர் அவரிடமே அதனைக் கற்க நேர்ந்தது. தனியொருவரை மட்டும் நம்பியிருக்கும் அறிவு எத்துணை நொய்மையானது என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

ஆயினும் ஏட்டில் எழுதிவிட்டதனால் மட்டும் நூல் காக்கப்பட்டதாகாது. 1848ஆம் ஆண்டு மாத்தளைக் கிளர்ச்சியை ஆங்கிலேயர் அடக்கியபோது அளுவிகாரையின் சுவடித் தொகுதி அழிவுற்றது. திரிபிடகம் அழியவில்லை, பிற விகாரைகளிலும் பர்மா, சியாம் ஆகிய நாடுகளிலும் படிகள் இருந்தன. இதற்கு முன்னரே, இலங்கையில் உபசம்பதை மரபு அற்றுப்போன வேளையில், 1753இல் சியாமிலிருந்து வந்த உபாலி தேரர் தலைமையிலான துறவியர் அதனை மீண்டும் நிலைநாட்டினர். இடைக்காலத்தில் இலங்கையிலிருந்து சியாமுக்குச் சென்ற மரபே அவ்வாறு தாய்நாட்டுக்குத் திரும்பியது. தொலைவிடத்துப் படியின் பயனை இந்நிகழ்ச்சி நன்கு விளக்கும்.

தமிழர் வரலாறும் இதனையே வேறு வகையில் உணர்த்துகின்றது. சி. வை. தாமோதரம்பிள்ளை 1887இல் கலித்தொகையை அச்சேற்றியதனால், செல்லுக்கும் சிதைவுக்கும் இரையாகக்கூடிய சில சுவடிகளில் அடங்கியிருந்த நூல் பல நூறு கைகளுக்குப் பரவியது. மாறாக, 1981 மே 31ஆம் நாள் இரவு யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின. அச்சு நூல்களுள் பலவற்றை மீண்டும் தேடிப் பெறலாம். வேறு படி இல்லாத ஏட்டுச்சுவடிகளை எங்குச் சென்று பெறுவது?

இனி, இன்றைய பொறிகளின் நிலையை நோக்குவோம். ஏடு எழுதிய காலத்தில் படியெடுத்தற்கு உழைப்பே பெருந்தடை. அனுமதி தடையாக இருக்கவில்லை. படியெடுத்துக் கொடுத்தல் புண்ணியம் எனவும் கருதப்பட்டது. கணினியில் இந்நிலை தலைகீழாயிற்று. படியெடுத்தல் நொடிப்பொழுதின் வேலை. அப்படியை இயக்கும் உரிமமோ விலைக்குரியது. 1969இல் ஐபிஎம் நிறுவனம் பொறியின் விலையிலிருந்து மென்பொருளின் விலையைப் பிரிப்பதாக அறிவித்தது. மென்பொருள் தனிச்சரக்காக வளர்வதற்கு இது பெருந்துணையாயிற்று. பின்னர், பொறியின் ஆற்றலுக்கேற்ப விலை பெறுவதற்குச் செயலிகளை எண்ணும் முறை பரவியது. 2001இல் ஐபிஎம்மின் பவர் 4 ஒரே சில்லில் இரு கருக்களுடன் வெளிவந்தது. அதன்பின், எண்ணப்பட வேண்டியது சில்லா, கருவா என்னும் வழக்கு எழுந்தது. பல கருக்கள் இருப்பினும் ஒரு செயலியை ஒன்றாகவே எண்ணுவதென 2004இல் மைக்ரோசாப்ட் அறிவித்தது. ஆனால், அந்நிறுவனமே எஸ்கியூஎல் சேவர் 2012 பதிப்பில் கருக்களை எண்ணும் முறைக்கு மாறியது.

ஒராக்கிள் நிறுவனத்தின் விதிகள் இக்கணக்குக்கு நல்ல எடுத்துக்காட்டாகும். அவ்விதிகளின்படி, மொத்தக் கருக்களைச் செயலி வகைக்குரிய காரணியால் பெருக்க வேண்டும். இரு செயலிகளும், ஒவ்வொன்றிலும் 16 கருக்களும் உள்ள பொறியில் கருக்கள் 32. இன்டெல் செயலிகள் பலவற்றுக்குக் காரணி 0.5 ஆதலால் 16 உரிமங்கள் வேண்டும். அதே அளவுள்ள துணைப்பொறியில் தரவுத்தளத்தின் படி ஓயாது புதுப்பிக்கப்படுமாயின், அதற்கும் 16 உரிமங்கள் வேண்டும். ஆக மொத்தம் 32. ஒரே சேமிப்புத் தொகுதியைப் பகிரும் பொறிக்கூட்டத்தில், முதற்பொறி பழுதுறும்போது மட்டும் இயங்கும் ஒரு துணைப்பொறிக்கு ஆண்டில் 10 நாள் வரை விலக்கு உண்டு. நாடாவில் வைத்த படியை ஆண்டுக்கு நான்கு முறை, முறைக்கு இரு நாள் வரை சோதித்துப் பார்க்கவும் இசைவு உண்டு.

இவற்றிலிருந்து மதிப்பீட்டுக்குரிய ஒழுங்கு ஒன்று பெறப்படும். முதலாவதாக, படி உறங்கிக் கிடக்கும் ஏடா, இயங்கும் பொறியா எனத் தெளிதல் வேண்டும். இரண்டாவதாக, மென்பொருள் நிறுவப்படும் ஒவ்வொரு பொறியின் கருக்களையும் தனித்தனியே எண்ணுதல் வேண்டும். மூன்றாவதாக, துணைப்பொறி முதற்பொறிக்கு இணையாக இருத்தல் இன்றியமையாததா என வினவுதல் வேண்டும். இடர்க்காலத்தில் இன்றியமையாப் பணிகளை மட்டும் நடத்த 8 கருக்கள் போதுமாயின், மேற்கூறிய காரணியின்படி துணைப்பொறிக்கு 4 உரிமங்களே வேண்டும். மொத்தம் 32 என்பது 20 ஆகக் குறையும்.

இக்கணக்கைப் பொறி வாங்கிய பின்னர் செய்வதிற் பயனில்லை. சிறு நூலகமோ மருத்துவமனையோ உரிமச் செலவை முன்னரே அறியாதுவிடின், பணம் போதாத வேளையில் முதலிற் கைவிடப்படுவது துணைப்பொறியே. அதன் இன்மை நாள்தோறும் உணரப்படுவதில்லை; அழிவு நேரும் அன்றே உணரப்படும். மகாநித்தேசத்தை ஒரே ஒருவர் அறிந்திருந்த நிலைமையும் பஞ்சம் வரும்வரை எவர் கண்ணிலும் பட்டிருக்காது. ஓதுவோரை எண்ணிப் பார்த்தவர்கள் இருந்தமையாலேயே அந்நூல் பிழைத்தது. எண்ணிப் பார்க்கும் அப்பணி இன்று நூலகங்களையும் நிறுவனங்களையும் நடத்துவோரின் கடமையாகும்.