முகமூடிக்குள் ஒரு துயரம்

முகமூடி முகத்தை மறைப்பதற்கென்றே பலரும் எண்ணுகின்றோம். பறிக்கப்பட்ட குரலை மீட்பதற்காக முகமூடி அணிந்த ஒரு கறுப்பினக் கலைஞரைப் பற்றி இன்று நேயர்களுடன் பேச விரும்புகிறேன்.

டானியல் டூமிலே 1971இல் லண்டனில் பிறந்து, நியூயோர்க்கின் லோங் ஐலண்டில் வளர்ந்தவர். தம்பி சப்ரொக்குடன் இணைந்து 'கே.எம்.டி.' என்ற ஹிப் ஹொப் குழுவை நடத்தினார். 1991இல் முதல் இசைத்தொகுப்பு வெளிவந்தது. இரண்டாவது தொகுப்பு உருவாகிவந்த வேளையில், 1993இல், தம்பி வாகன விபத்தில் மாண்டார். கறுப்பரை இழிவுசெய்ய வரையப்பட்டுவந்த பழைய கேலியுருவத்தைத் தூக்கிலிடும் சித்திரமே அத்தொகுப்பின் அட்டைப்படம். இழிவைக் கொல்வதே அதன் கருத்து. ஆயினும் சர்ச்சைக்கு அஞ்சிய எலெக்ட்ரா நிறுவனம் 1994இல் தொகுப்பையே கைவிட்டது. தம்பியின் கடைசி உழைப்பும் அதனோடு முடங்கிற்று.

சில ஆண்டுகள் மௌனத்திற் கழிந்தன. தொண்ணூறுகளின் பிற்பகுதியில் மன்ஹட்டனின் நியூயோரிக்கன் கவிஞர் அரங்கில், காலுறைத் துணியால் முகத்தை மூடிய ஒருவர் மேடையேறினார். அவரே பின்னர் 'எம்.எவ். டூம்' ஆனார். முதலிரு எழுத்துகள் உலோக முகத்தைக் குறிப்பன. 'டூம்', மார்வெல் சித்திரக்கதைகளின் முகமூடி வில்லனை நினைவூட்டுவது. அதேவேளை அவரது குடும்பப் பெயரின் முதலொலியும் அதுவே. மறைக்கும் பெயருக்குள்ளேயே சொந்தப் பெயரும் ஒளிந்திருந்தது.

1999இல் பொபிட்டோ கார்சியா நடத்திய சிறிய நிறுவனமொன்று 'ஒப்பரேஷன்: டூம்ஸ்டே' என்ற தொகுப்பை வெளியிட்டது. பாடல்களுக்கிடையே கேலிச்சித்திரப் படங்களின் உரையாடல் துண்டுகள் ஒலிக்கின்றன. வில்லன் சிரிக்கிறான், வீறு பேசுகிறான். ஆனால் வெறும் வினாக்குறியைத் தலைப்பாகக் கொண்ட பாடலில், அந்த வில்லனின் வாயிலிருந்தே தம்பியின் நினைவு எழுகின்றது. சொந்த முகத்தோடு சொல்லவியலாத துயரை வில்லனின் முகத்தோடு சொல்ல முடிந்தது என்பதே எனது கணிப்பு.

முகமூடிக்கு வேறொரு பக்கமும் உண்டு. பிற்காலத்தில் தமக்குப் பதிலாக முகமூடியணிந்த வேறொருவரை மேடைக்கு அனுப்பியதால் இரசிகர்களின் சினத்துக்கும் ஆளானார். முகமன்று, சொல்லே முக்கியம் என்ற கொள்கையை அவர் எல்லைவரை இழுத்துச் சென்றார். ஆனால் சொல்லுக்கு உரியவரையே காண வந்தவர்கள் ஏமாந்தது நியாயமா?

2020 ஒக்டோபர் 31இல் அவர் காலமானார். உலகம் அதனை அறிந்ததோ அவ்வாண்டின் இறுதி நாளில். மரணத்தின் மீதும் இரண்டு மாதங்கள் முகமூடி கிடந்தது. பெருநிறுவனமொன்று அடைத்த வாயிலை, வேறொரு பெயரால் ஒரு கலைஞன் திறந்துகொண்டான் என்பதே இவ்வரலாறு நமக்குத் தரும் செய்தி.