சேர்ந்து செய்யும் வேலையும் சேர்ந்து பெறும் பங்கும்

கொத்தனார் ஒருவர் ஒரு சுவரைத் தனியே 10 நாள்களில் கட்டி முடிப்பார். மற்றொருவர் அதே சுவரை 15 நாள்களில் முடிப்பார். இருவரும் சேர்ந்து கட்டினால் எத்தனை நாள்களில் முடியும்? இவ்வினாவை நாம் வகுப்பில் விடுத்தபோது, மாணவர் ஒருவர் சற்றும் தயங்காமல் “பன்னிரண்டரை நாள்” என்று விடையிறுத்தார். இரண்டையும் கூட்டிப் பாதியாக்கி விட்டார். “தம்பி, முதலாமவர் தனியாகவே 10 நாளில் முடிக்கிறாரே! துணைக்கு ஓர் ஆள் வந்ததும் வேலை இரண்டரை நாள் நீண்டுவிடுமா?” என்று கேட்டோம். வகுப்பே நகைத்தது. அம்மாணவர் மட்டும் நகைக்கவில்லை, சிந்தித்தார். அவருடைய தந்தையார் கொத்து வேலை செய்பவர்.

பிழை எங்கே நேர்ந்தது? நாள்களைக் கூட்டியதில்தான். கூட்டத் தக்கவை நாள்கள் அல்ல. ஒரு நாளில் நடைபெறும் வேலைகளே. முதலாமவர் ஒரு நாளில் சுவரில் பத்தில் ஒரு பங்கு கட்டுகிறார். இரண்டாமவர் பதினைந்தில் ஒரு பங்கு. இரண்டும் சேர்ந்தால் ஆறில் ஒரு பங்கு. ஆகவே 6 நாள்களில் சுவர் எழுந்துவிடும். “எத்தனை நாள்?” என்ற வினாவை “ஒரு நாளில் எவ்வளவு?” என்று திருப்பிக் கேட்பதே இக்கணக்கின் உயிர்நிலை எனலாம்.

இவ்வாறு திருப்பிக் கேட்கும் கலையை மனித இனம் மிகப் பழங்காலத்திலேயே கற்றுவிட்டது. சீனரின் ‘ஒன்பது அத்தியாயங்கள்’ என்னும் பழங்கணித நூலுக்குக் கி.பி. 263-இல் லியு ஹுய் என்பார் உரை வரைந்தார். அந்நூலின் ஆறாம் அத்தியாயத்தில் ஒரு குளமும் ஐந்து வாய்க்கால்களும் வருகின்றன. தனித்தனியே திறந்தால் முதல் வாய்க்கால் மூன்றில் ஒரு நாளிலும், ஏனையவை முறையே 1, 2½, 3, 5 நாள்களிலும் குளத்தை நிரப்பும். ஐந்தையும் ஒருங்கே திறந்தால் ஒரு நாளின் 74-இல் 15 பங்கு நேரம் போதும் என்பது விடை. கிரேக்கரோ ஒரு வெண்கலச் சிங்கத்தைப் படைத்து, அதன் கண்களிலும் வாயிலும் பாதத்திலும் நீரைப் பொழியவிட்டு இதே வினாவைக் கவிதையாக்கினர்.

நம் பாரத நாட்டில் பாஸ்கராச்சாரியார் 1150-இல் இயற்றிய ‘லீலாவதி’யிலும் இக்கணக்கு இடம்பெற்றுள்ளது. நான்கு நீரூற்றுகள் ஒரு தடாகத்தைத் தனித்தனியே 1 நாள், ½ நாள், ⅓ நாள், ⅙ நாள் ஆகிய நேரங்களில் நிரப்புகின்றன. ஒரு முழு நாள் திறந்து வைத்தால் அவை முறையே 1, 2, 3, 6 தடாகங்களை நிரப்பும், மொத்தம் 12. எனவே ஒரு தடாகத்திற்குப் பன்னிரண்டில் ஒரு நாளே போதும். அக்பரின் அவைப் புலவரும் அபுல் ஃபஸ்லின் தமையனாருமான ஃபைஸி, இந்நூலை 1587-இல் பாரசீகத்தில் பெயர்த்தார். வடமொழியில் ஊறிய ஊற்று பாரசீகத்திலும் பாய்ந்தது.

இத்தாலியின் பைசா நகரத்து லியனார்டோ, அதாவது ஃபிபொனாச்சி, வட ஆப்பிரிக்காவின் புஜாயா துறைமுகத்தில் இந்திய எண்முறையைக் கற்றவர். அவர் 1202-இல் எழுதிய நூலில் தடாகம் ஆட்டுக்கு இடம் தருகிறது. ஓர் ஆட்டைச் சிங்கம் 4 மணியிலும், சிறுத்தை 5 மணியிலும், கரடி 6 மணியிலும் தின்றுவிடும். மூன்றும் சேர்ந்து தின்றால் எவ்வளவு நேரம்? 60 மணி நேரம் தின்பதாகக் கொள்வோம். சிங்கத்திற்கு 15, சிறுத்தைக்கு 12, கரடிக்கு 10, ஆக 37 ஆடுகள். எனவே ஓர் ஆட்டிற்கு 60-ஐ 37-ஆல் வகுத்த மணி நேரம்.

இங்கே ஓர் எச்சரிக்கை. இருவர் கணக்கிற்குப் “பெருக்கி, கூட்டுத்தொகையால் வகு” என்றொரு சூத்திரத்தைப் பிள்ளைகள் மனனம் செய்கின்றனர். 10 x 15 = 150; அதை 25-ஆல் வகுத்தால் 6; சரியே. அதே சூத்திரத்தை மூன்று விலங்குகளுக்கும் நீட்டினால் 120-ஐ 15-ஆல் வகுத்து 8 மணி என வரும். சிங்கம் தனியே தின்னும் நேரத்தைப் போல் இருமடங்கு! பொருளுணராத மனனம் இவ்வாறுதான் கைவிடும்.

ஃபராயிள் என்னும் பாகப்பிரிவினைக் கலையைக் கற்றோர்க்கு இக்கணக்கு அயலானதன்று. குவாரிஸ்மி தம் அல்ஜப்ரு நூலில் பெரும் பகுதியை மரண சாசனத்திற்கும் வாரிசுப் பங்கிற்கும் ஒதுக்கியதை நாம் அறிவோம். ஒரு பெண்மணி கணவரையும் உடன்பிறந்த இரு சகோதரியரையும் விட்டு இறக்கிறார். கணவருக்குப் பாதி, சகோதரியர்க்கு மூன்றில் இரண்டு. கூட்டினால் ஆறில் ஏழு, சொத்தோ ஒன்றுதான். கலீஃபா உமர் (ரலி) அவர்களின் ஆட்சியில் (634–644) இச்சிக்கல் எழுந்தபோது, நபித்தோழர்களுடன் கலந்து, சொத்தை ஏழாக்கிக் கணவருக்கு மூன்றும் சகோதரியர்க்கு நான்கும் அளிக்கப்பட்டன. இதுவே ‘அவ்ல்’. இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் மாறுபட்டுரைத்தார்கள். எனினும் நான்கு மத்ஹபுகளும் அவ்லை ஏற்றன.

இப்போது லீலாவதியின் தடாகத்தை மீண்டும் நோக்குக. ஊற்றுகளின் ஒரு நாள் உழைப்பு 12 தடாகம். நிரம்ப வேண்டியதோ ஒன்று. ஆகவே அத்தடாகத்தில் ஊற்றுகளின் பங்கு முறையே 12-இல் 1, 2, 3, 6. அங்கே மிகுந்தது நீர். இங்கே மிகுந்தது உரிமை. இரண்டிலும் கூட்டுத்தொகையால் வகுத்தே ஒவ்வொன்றின் பங்கையும் காண்கிறோம். ஒன்று மற்றொன்றிலிருந்து பிறந்தது என நாம் வாதிடவில்லை. இரண்டுக்கும் துலாக்கோல் ஒன்றே என்கிறோம்.

அன்று சிந்தனையில் ஆழ்ந்த மாணவர், வகுப்பு முடிந்தபின் நம்மிடம் வந்தார். “உஸ்தாத், சுவருக்கு மொத்தக் கூலி 500 ரூபாய் என்றால் யாருக்கு எவ்வளவு?” என்று வினவினார். “சரிபாதி என்று முன்னரே பேசியிருந்தால் சரிபாதி. செய்த வேலைக்கு ஏற்ப என்று பேசியிருந்தால், 6 நாளில் முதலாமவர் கட்டியது ஐந்தில் மூன்று பங்கு, அவருக்கு 300, மற்றவருக்கு 200” என்றோம். அவர் முகம் மலர்ந்தது. “வாப்பாவுக்குச் சொல்ல வேண்டும்” என்று கூறிச் சென்றார்.

சேர்ந்து உழைப்பவர் எத்தனை பேராயினும், ஒவ்வொருவரின் உழைப்பையும் தனித்தறிந்த பின்னரே கூட்ட வேண்டும். கணிதம் கற்பிக்கும் இவ்வொழுங்கை நீதியும் வேண்டி நிற்கிறது அன்றோ!